ஆன்லைன் படிப்பின் முதல் வாரம்: வழிகாட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலை என்றாலே மழைதான். சில்வர் ஓக் மரமோ கற்பூர மரமோ கம்பி மேல் சாய்ந்தால் சில சமயம் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம், ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் ஆகியவற்றின் ஜூலைப் பருவப் பாடங்கள் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். இந்தப் பகுதிக் கல்லூரிப் பிள்ளைகளை அந்தப் பாடங்களில் சேர்த்து, கூடவே இருந்து முடிக்க வைப்பது சில வருடங்களாக என் வேலை. பாதியில் விட்டவர்களில் பாடம் கஷ்டம் என்று விட்டவர்கள் குறைவு. பலர் முதல் பத்து நாளிலேயே, பாடத்துக்குள் போவதற்கு முன்பே, வாசலில் தடுக்கி நின்றுவிட்டார்கள். அந்த வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது பல நேரம் வழிகாட்டுகிற நாம்தான்.

பெரிய தவறு, முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பது. இரண்டு மணி நேரம் ஜூம் கூட்டம். பாடத்திட்டம், மதிப்பெண், தேர்வுக் கட்டணம், சான்றிதழ், விதிமுறை என்று ஸ்லைடு மேல் ஸ்லைடு. கடைசியில் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது அக்கா" என்றுதான் பதில் வரும். புரியவில்லை என்று நாற்பது பேர் முன்னால் எந்தப் பிள்ளை சொல்லும்? அன்றைய டேட்டாவும் அங்கேயே கரைந்திருக்கும். மறுநாள் பாதிப் பேருக்கு எங்கே தொட வேண்டும் என்றே தெரியாது.

அதற்குப் பதில் ஒரே ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை செய்ய வையுங்கள். உள்ளே நுழைய வேண்டும், ஒரு சின்ன வீடியோ பார்க்க வேண்டும், ஒரு கேள்விக்கு விடை குறித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். என்பிடெல் பாடங்கள் பலவற்றில் 'வாரம் 0' என்று ஒரு பயிற்சி இருக்கும். அது மதிப்பெண்ணில் சேராது. மார்க் இல்லையே என்று பிள்ளைகளும் தாண்டிவிடுகிறார்கள், நாமும் விட்டுவிடுகிறோம். பயமில்லாமல் தப்பு செய்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவரவர் போனில், நம் கண் முன்னால், விடை போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வரும்வரை செய்ய வைக்க வேண்டும். நம் லேப்டாப்பில் செய்து காட்டுவது இதில் சேராது. போனில் திரையும் வேறு, தடுமாறும் இடமும் வேறு.

அடுத்தது மெயில் கணக்கு. சின்ன விஷயம் என்று நினைத்து நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். தேவாலா பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள். முதல் வாரம் முடிந்து புது போன் வாங்கினாள். மெயில் பாஸ்வேர்டு நினைவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி முயற்சி செய்தாள். "கோடு வரவே மாட்டேங்குது அக்கா." கோடு போகும் போன் நம்பர் என்று திரையில் தெரிந்த கடைசி இரண்டு எண்கள் அவள் வீட்டில் யாருடைய நம்பருக்கும் ஒத்துவரவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை செய்த நாளில் பிரவுசிங் சென்டரில் இருந்த ஒரு பையன் தன் நம்பரைப் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறான். அவன் இப்போது ஊரிலேயே இல்லை. பாடத்தின் அறிவிப்புகள் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. புதுக் கணக்கு திறந்து மறுபடி சேர்ப்பதற்குள் இரண்டு பயிற்சிகளின் கெடு முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து முதல் நாள் என் முதல் கேள்வி, "உன் மெயில் யார் நம்பர்ல இருக்கு?" மெயில் முகவரியையும் அந்த நம்பர் யாருடையது என்பதையும் நோட்டில் எழுத வைக்கிறேன். கூடவே பெயரையும் பார்த்துவிடுங்கள். பதிவில் கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது கல்லூரிப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும்.

மதிப்பெண் கணக்கைச் சொல்லாமல் விடுவதும் தவறு, மொத்தமாகக் கொட்டுவதும் தவறு. இதில் முதல் வாரமே சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. என்பிடெல்லின் 12 வாரப் பாடத்தில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சிகளில் எல்லா வாரமும் கணக்கில் வராது, நன்றாகச் செய்த 8 மட்டும் வரும். சான்றிதழுக்கு 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக வாங்க வேண்டும். இது தெரியாத பிள்ளை மழையில் இரண்டு வாரம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று முடிவு கட்டிவிடும். தெரிந்த பிள்ளை மூன்றாவது வாரம் தெம்பாகத் திரும்பி வரும். நான் கண்ணால் பார்த்த வித்தியாசம் இது.

பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் வேறு. சேர்ந்ததே தேர்வுக்கும் போதும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். முதல் வாரம் ஒரு வரியில் சொல்லுங்கள், பதிவு திறக்கும்போது மறுபடி சொல்லுங்கள்.

அப்புறம் வாட்ஸ்ஆப் குரூப். "எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க" என்று ஆங்கிலத்தில் போட்டால் இரண்டு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் தம்ஸ்-அப் போடுவார்கள். ஜில்லி சால்மன் என்ற கல்வியாளர் ஆன்லைன் கற்றலை ஐந்து படிகளாகப் பிரித்தார். உள்ளே நுழைவது முதல் படி, ஒருவரை ஒருவர் அறிவது இரண்டாவது, பாடத் தகவல்களைப் பகிர்வதே அதற்கு மேல்தான் வருகிறது. நாம் இரண்டாவது படியைச் சடங்காக முடித்துவிடுகிறோம். நான் இப்போது கேட்பது: "உங்க வீட்டுப் பக்கம் சிக்னல் எங்க கிடைக்கும்?" தயங்குகிற பிள்ளைகூட இதற்குத் தமிழில் பதில் எழுதும். கோயில் திட்டு, டீ பறிக்கும் காட்டின் மேல் பாதை, பஸ் ஸ்டாப், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. ஒரே எஸ்டேட் லைனில் இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்ததும் இப்படித்தான். யாருக்கு வீடியோவை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைக்கச் சொல்ல வேண்டும், யார் கெடு நாள் ராத்திரி 11 மணிக்கு அனுப்பலாம் என்று காத்திருக்கவே கூடாது என்பதும் எனக்குத் தெரிந்துவிடும்.

குரூப்பில் முக்கியமான தேதியைப் போட்டுவிட்டு, அது குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைய விடாதீர்கள். குரூப்பின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.

இரண்டாவது வாரம் சத்தமே இல்லாத பிள்ளையை 'ஆர்வம் இல்லை' என்று ஒதுக்குவதுதான் என் மனதை மிகவும் உறுத்துகிற தவறு, நானே செய்ததும்கூட. இப்போது இரண்டாவது திங்கட்கிழமை நோட்டை எடுத்து, ஒரு பயிற்சிகூட அனுப்பாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். போன வருடம் ஒரு பெண்ணின் நம்பரை அவள் அப்பா எடுத்தார். ஃபேக்டரியில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம். "போன் ஒண்ணுதாம்மா. நான் வீடு போக ஏழு மணி ஆயிடும், அப்புறம் குடுக்கிறேன்" என்றார். நான் வகுப்பு வைத்திருந்தது காலை பத்து மணிக்கு. அன்று ராத்திரி ஏழேகாலுக்கு அவள் கூப்பிட்டாள். எட்டு மணிக்குள் வாரம் 0 பயிற்சியை அனுப்பி முடித்தோம்.