முயல் தண்ணீர் குடிப்பது மாறினால் என்ன பார்க்க வேண்டும்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து பிளாக் அக்கா போன வாரம் வந்து, "எங்க முயல் திடீர்னு நிறையத் தண்ணி குடிக்குது" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. முன்பு எவ்வளவு குடித்தது என்பதும் தெரியவில்லை. எங்கள் முயல் மல்லிக்கு உடம்புக்கு வரும்வரை நானும் அளந்ததில்லை, அதனால்தான் சொல்கிறேன், முயல் நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்.

காலையில் 400 மில்லி தண்ணீரைக் கனமான பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழிக்க வேண்டும். டெல்லியில் இது மட்டும் போதாது. மே, ஜூனில் லூ என்கிற அனல் காற்றும் மின்விசிறியும் சேர்ந்து கிண்ணத்தை வற்ற வைத்துவிடும், ஆகவே அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை அதே அறையில் முயலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் குறைந்தது ஆவியாகப் போனது. முயலின் கிண்ணத்தில் 280 குறைந்து, இதில் 60 குறைந்திருந்தால், முயல் குடித்தது 220. ஒரு வாரம் இப்படி அளந்து காலண்டரில் குறியுங்கள், கிண்ணத்தைக் கவிழ்த்த நாளை விட்டுவிடுங்கள். ஜோடியாக வளர்ப்பவர்கள் அளப்பதற்காகப் பிரிக்க வேண்டாம், மொத்தமாக அளந்தால் போதும்.

பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லி என்பார்கள். இரண்டு கிலோ முயலுக்கு 100 முதல் 300 வரை, ரொம்ப அகலமான கணக்கு, அதனால் உங்கள் முயலின் சொந்தக் கணக்குதான் முக்கியம். பக்கத்திலேயே சாப்பாட்டையும் எழுதுங்கள். பிள்ளையார் கோயில் வாசலில் வாங்கிய அறுகம்புல்லைக் கட்டுக்கட்டாகத் தின்ற நாளில் மல்லி கிண்ணத்தைத் தொடவே மாட்டாள், காய்ந்த புல்லும் பெல்லட் என்கிற குச்சித் தீவனமும் மட்டும் என்றால் கிண்ணம் காலியாகும். இரண்டுமே நோயல்ல.

அதிகமாகக் குடித்தால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். ஆனால் வெயிலும் இல்லை, சாப்பாடும் மாறவில்லை, இரண்டு மூன்று நாளாக ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், கல்லீரலாக இருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம். எங்களுக்கு நவம்பரில் நடந்தது பல்தான். சாப்பிட முடியாத முயல் சில சமயம் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். முதலில் பார்த்த கிளினிக்கில் பருவம் மாறுவதால் என்றார்கள், நம்பி இரண்டு நாளை வீணாக்கிவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அடுத்த டாக்டர் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தபோது, கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. எதுவானாலும், அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

குறைவாகக் குடித்தால் பாத்திரத்தைப் பாருங்கள். பாட்டில் என்றால் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து முனையில் உள்ள குண்டு சிக்கியிருக்கும், விரலால் அழுத்திப் பாருங்கள். என்னைக் கேட்டால் கிண்ணமே மேல். பாத்திரம் சரியாக இருந்தால், அப்புறம் புழுக்கையைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் சாப்பாடு குறையும், குடலில் இருப்பது வறண்டு இறுகும், புழுக்கை சிறுத்து எண்ணிக்கையும் குறையும். 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, அல்லது புழுக்கையே போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உயிர் போகிற விஷயம் அது. துவண்டு கிடக்கிற முயலின் வாயில் சிரிஞ்சால் தண்ணீர் அடிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சிறுநீரும் பேசும். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல இருப்பது சகஜம், முயல் அதிகப்படி கால்சியத்தைச் சிறுநீரில்தான் கழிக்கும். பேஸ்ட் மாதிரி கெட்டியாக வந்தால் சரியில்லை. குளிர்காலத்தில் இங்கே மலிவாகக் கிடைக்கும் பர்சீம் என்கிற மாட்டுத் தீவனத் தழையில் கால்சியம் அதிகம், வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுக்காதீர்கள். சிவப்பு நிறம் கீரையின் சாயமாகவும் இருக்கலாம், ஆனால் ரத்தக் கட்டி தெரிந்தாலோ முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ உடனே கிளம்புங்கள்.

போகும் முன் முயல் பார்ப்பீர்களா என்று ஃபோனில் கேளுங்கள், நிறைய இடங்களில் நாயும் பூனையும்தான். காலண்டர் கணக்கு, அன்றைய புழுக்கை, சுத்தமான தரையிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிய சிறுநீர், மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள், கடைவாய்ப்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு கொண்டுபோக வேண்டாம், முயலுக்கு வாந்தி வராது, பட்டினி போட்டால்தான் ஆபத்து. கூடையில் ஒரு பிடி புல் போட்டு எடுத்துப் போங்கள்.