கோபிபாட் ஊற்றியும் ரீஃப் தொட்டியில் நிலைக்காதது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு, மீன்களின் தீனியாகும் நுண்ணிய கடல் உயிரான கோபிபாட் வாங்கும் பலர், பாட்டிலில் எத்தனை ஆயிரம் உயிர்கள் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. வந்திறங்கிய கூட்டம் சில வாரங்களில் வயதாகிச் செத்துவிடும். அதன் பிறகு தொட்டியில் இருப்பதெல்லாம் அங்கேயே பிறந்தவைதான். பிறப்பதைவிட அதிகமாக மீன்கள் தின்றால் ஐயாயிரம் ஊற்றினாலும் ஐம்பதாயிரம் ஊற்றினாலும் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான். வட்டியைச் சாப்பிட்டால் காலம் ஓடும், அசலில் கை வைத்தால் ஓடாது.

இந்தக் கணக்கு மிக மோசமாகத் தப்புவது மாண்டரின் மீன் விஷயத்தில். நீலமும் ஆரஞ்சும் கலந்த அந்த அழகைக் கடையில் பார்த்ததும் வாங்கிவிட்டு, கூடவே ஒரு பாட்டில் கோபிபாட்டும் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். மாண்டரின் விடிந்தது முதல் விளக்கு அணையும்வரை பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். காலையில் ஒரு வேளை வயிறு நிறையத் தின்று நாளை ஓட்டும் பழக்கம் அதற்குக் கிடையாது. புதிய தொட்டியில் அது பாட்டில் முழுவதையும் சில நாட்களில் காலி செய்துவிட்டு மெல்ல இளைக்கத் தொடங்கும். மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டி, பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் அது பல நாள் பட்டினி. அந்த நிலையில் இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றுவது கொஞ்சம் அவகாசம் தரலாம், அதற்கு மேல் இல்லை. குறைந்தது 300 லிட்டர், ஆறு மாதமாவது ஓடிய தொட்டி என்று அனுபவசாலிகள் சொல்வது மிரட்டுவதற்காக அல்ல. அத்தனை பாறைப் பரப்பு இருந்தால்தான் கொத்தித் தீராமல் ஏதாவது மிஞ்சும். அதே பாறையில் சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீனும் இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுபவை, ராஸ் வேகமானது.

எந்த இனம் என்று பார்க்காமல் வாங்குவது

கடையில் எல்லாவற்றையும் ‘பாட்ஸ்’ என்றே சொல்வார்கள். சில சமயம் ஆம்பிபாட் என்ற சற்றுப் பெரிய உயிரையும் சேர்த்தே சொல்வார்கள். ஆம்பிபாட் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், வளைந்த முதுகுடன் பக்கவாட்டில் ஓடும். பெரிய மீனுக்கு நல்ல தீனி, ஆனால் மாண்டரினின் சிறிய வாய்க்குக் கோபிபாடுதான் முதன்மை உணவு.

கோபிபாடிலும் நடத்தை இனத்துக்கு இனம் மாறும். டிக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் சிவந்த நிறத்தில், பெரிதாக, பாட்டிலில் துள்ளிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் பணம் கொடுக்கத் தோன்றும். அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், பாஹா கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை, அலை தெறிக்கும் பாறைக் குழிகள். உப்பும் வெப்பமும் ஏறி இறங்குவதை அபாரமாகத் தாங்கும். ஆனால் திறந்த நீரில் நீந்துவதால் மீன் கண்ணில் உடனே படும், 26 டிகிரியில் ஓடும் பவளத் தொட்டி அதற்குப் பிறந்த வீடும் அல்ல. சத்துள்ள தீனி என்ற கணக்கில் வாங்கினால் சரி. குடும்பம் நடத்தும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

தொட்டியில் குடியேறிப் பெருகுவதற்கு ஏற்ற இனம் டிஸ்பே. வெளிறிய நிறம், ஒரு மில்லிமீட்டரைத் தொடாத உடல், பாட்டிலில் பார்த்தால் தூசி மாதிரி. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இவை பாறை இடுக்கிலும் மணலிலும் ஒளிந்து வாழ்பவை, குஞ்சுகளும் அடியிலேயே இருக்கும், வெதுவெதுப்பான நீரில் வேகமாகப் பெருகும். அபோசைக்ளாப்ஸ் என்ற இன்னொரு இனம் வெப்பத்தையும் உப்பு மாற்றத்தையும் நன்றாகத் தாங்கும், பாதி நேரம் நீரில் மிதக்கும். டிஸ்பேயோடு சேர்த்துவிட நல்ல துணை. பார்வோகலானஸ் இனம் முழுக்க மிதப்பது, முட்டையை நீரிலேயே விட்டுவிடும். மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்கு அது பொன், காட்சித் தொட்டியில் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மருக்கும் பவளத்துக்கும் போய்ச்சேரும். நான் முதல்முறை வாங்குபவருக்கு டிஸ்பேயைத் தாண்டி எதையும் சொல்வதில்லை.

ஊற்றும் நேரம்

பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிய, மீன்கள் கூடி நிற்க, மேலிருந்து கவிழ்ப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. விளக்கு அணைந்து அரைமணி கழித்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, ஒரு குழாய் வழியாகப் பாறை அடியிலும் சம்பிலும் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) விடுங்கள். ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்தலாம். தண்ணீரை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக்கை இரண்டு மூன்று நாள் கழற்றிவைப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் அதில் சிக்கியவை வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. கிருமி கொல்லும் யூவி விளக்கு ஓடினால் மிதக்கும் குஞ்சும் அவற்றின் தீனியான ஃபைட்டோ நுண்பாசியும் அதன் வழியே போய் அழியும். அதையும் சில நாள் அணைத்துவையுங்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் அரைத்துவிடும் என்ற பயம் மட்டும் அளவுக்கு மீறியது. கணிசமானவை உயிரோடுதான் மேலே வந்து சேர்கின்றன.

பாட்டிலைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருப்பது பிணங்கள். ஊற்றினால் அம்மோனியாதான் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியூரிலிருந்து கூரியரில் வரும் பாட்டிலுக்கு இந்தச் சோதனை கட்டாயம். உயிரோடு இருந்தாலும் பாட்டில் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் 50 மைக்ரான் வலையில் வடித்துவிடுவது நல்லது. உப்பளவு வெகுவாக வேறுபட்டால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள்.

புதுத் தொட்டிக்கு இதில் ஒரு வசதி உண்டு. அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா வளரும் தொடக்கச் சுழற்சி முடிந்து, ட்ரை ராக் எனும் காய்ந்த பாறையிலும் மணலிலும் பழுப்பு டயட்டம் பாசி படரும் வாரங்களில் எல்லோரும் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். டிஸ்பேக்கு அதுதான் விருந்து. மீனே இல்லாத அந்தக் காலத்தில் ஒருமுறை விட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் விட்டால் பல தலைமுறை தொந்தரவில்லாமல் பெருகும்.

எதைத் தின்னும், எங்கே ஒளியும்

கோபிபாடோடு ஃபைட்டோபிளாங்க்டன் (ஃபைட்டோ) பாட்டிலும் சேர்த்தே விற்கப்படும். மிதக்கும் இனங்களுக்கு அது உயிர்நாடி. நானோகுளோராப்சிஸ் மட்டும் போட்டால் போதாது, ஐசோகிரைசிஸ் போன்ற, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த பாசியும் வேண்டும். டிஸ்பேயோ பாசிப்படலம், மீன் தீனி மிச்சம், மட்கிய கழிவு எதையும் தின்று வாழும். அதற்கு ஃபைட்டோ உதவிதான், கட்டாயமில்லை. தண்ணீர் பச்சையாக நிற்கும் அளவுக்கு ஊற்றினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி வேறு தலைவலி. இன்று ஊற்றியது நாளைக்குள் தெளியவில்லை என்றால் அளவு அதிகம். இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்தில் பிடித்துவைத்து, கண்ணாடிபோல் தொட்டியைத் துடைத்துவைப்பவர்கள், பாட்ஸ் ஏன் பெருகவில்லை என்று கேட்பார்கள். தின்ன ஒன்றுமில்லை.

மீன் நுழையாத இடம் ஒன்று இல்லாமல் எதுவும் நிலைக்காது. சம்பில் கீட்டோ பாசியும் உடைந்த பவளக் கற்களும் போட்ட ரெஃப்யூஜியம் என்ற ஒளிவிடம் சிறந்தது. விளக்கை இரவில் எரியவிட்டால் பிஎச் இறக்கமும் குறையும். சம்ப் இல்லாவிட்டால் பாறைக்குப் பின்னால் ஒரு மூலையில் கைப்பிடி கற்துண்டுகளைக் குவித்து, மீன் தலை நுழையாத வலைக் கூண்டால் மூடுங்கள். கீட்டோவை அறுவடை செய்யும்போது சிங்கில் அலசிக் குப்பையில் போடுகிறார்கள். தொட்டித் தண்ணீரிலேயே உதறிவிட்டு எடுங்கள், அதில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பெருகிவிட்டனவா என்று பகலில் தேடாதீர்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டு நகரும். லென்ஸ் இருந்தால் முட்டைப் பை சுமக்கும் பெண்ணையும் பார்க்கலாம். டிஸ்பேக்கு ஒரு பை, அபோசைக்ளாப்ஸுக்கு இரண்டு. வாரக்கணக்கில் அந்தப் புள்ளிகள் குறையாமல் இருந்த பிறகு மாண்டரினைப் பற்றி யோசிக்கலாம்.

மருந்தும் கடற்கரையும்

வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்தைக் காட்சித் தொட்டியிலேயே போட்டால் கோபிபாட், இறால், பவளம் எல்லாம் சேர்ந்து போகும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அக்ரோபோரா பவளத்தில் வரும் சிவப்புப் பூச்சிக்கு மில்பெமைசின் மருந்து போடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அந்தப் பூச்சியே ஒரு கோபிபாட் இனம். அதைக் கொல்லும் மருந்து நல்லதையும் விட்டுவைக்காது. சிகிச்சை முடிந்து கரி வடிகட்டலும் தண்ணீர் மாற்றமும் செய்த பின் புதிதாக விதைக்கத்தான் வேண்டும்.

கடற்கரையில் வலை வீசிப் பிடித்தால் இலவசம்தானே என்று நம் ஊரில் கேட்பவர்கள் உண்டு. மீன்மேல் ஒட்டி அதன் சளி, தோல், இரத்தத்தைத் தின்னும் கலிகஸ் என்ற ஒட்டுண்ணியும் கோபிபாடுதான். வலையில் எது வந்தது என்று வீட்டு மேசையில் பிரித்தறிய முடியாது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து ‘லைவ் ராக்’ (உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) தருகிறேன் என்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

செலவைக் குறைக்க வீட்டிலேயே ஒரு பத்து லிட்டர் வாளியில் டிஸ்பே வளர்ப்பது எளிது. பொடிக் குமிழி விடும் ஏர்-ஸ்டோன் வேண்டாம், காற்றுக் குழாய் முனையிலிருந்து நொடிக்கு ஓரிரு பெரிய குமிழி போதும். இளம்பச்சை நிறம் வரும் அளவுக்கு ஃபைட்டோ, வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரோடு அறுவடை. ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்ச இரண்டு வாளி வையுங்கள், இரண்டுக்கும் வலையும் குழாயும் தனித்தனியாக இருக்கட்டும்.