குன்னூர் மலைப்பாதைக்கு ஒரு ஜென்கின்சன் சுருள்: செய்வதும் படிப்பதும்

திருப்பங்களை முன்பே எழுதிவைத்து, பக்கத்து சீட்டிலிருந்து படித்துச் சொல்ல உதவும் காகிதச் சுருளைச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு முன்மாதிரி ஒரு கார் பந்தயம். 1955 மே 1 அன்று இத்தாலியில் நடந்த மிலே மிலியா பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் முதல் மூன்று இடங்கள் இவை. ஸ்டெர்லிங் மாஸ், டெனிஸ் ஜென்கின்சன், மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர்: 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. அதே ரகக் காரைத் தனியாக ஓட்டிய ஃபாஞ்சியோ: 10:39:33. ஃபெராரியில் மாலியோலி: 10:52:47. பிரெஷாவில் கிளம்பி ரோம் போய் பிரெஷாவுக்கே திரும்பும் பாதை, 1,597 கி.மீ. ஜெயித்த காரின் சராசரி மணிக்கு 157.65 கி.மீ.

அந்தப் பந்தயத்தில் வண்டி எண்ணே கிளம்பிய நேரம். மாஸின் எண் 722, அதாவது காலை 7:22. ஃபாஞ்சியோவின் எண் 658. இருபத்துநாலு நிமிடம் முன்னால் போனவர் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறார். அவருடைய எஞ்சினில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் மாஸின் பக்கத்து சீட்டில் ஃபாஞ்சியோவிடம் இல்லாத ஒன்று இருந்தது: அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் சுற்றிய 18 அடிக் காகிதம். ஒத்திகை ஓட்டங்களில் பார்த்துக் குறித்த வளைவு, மேடு, ரயில்வே கேட் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மோட்டார் பத்திரிகையாளரான ஜென்கின்சன் அதைப் படித்துக் கைச்சைகையால் சொல்ல, கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மாஸுக்கு முன்கூட்டியே தெரிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறும் பாதைக்கு அப்படி ஒரு சுருளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். டி.எஸ்.டி. ராலிக்கு, அதாவது கொடுத்த சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்குச் சேர வேண்டிய போட்டிக்குத் தயாராகும் நேவிகேட்டருக்கும் (ஓட்டுபவருக்கு வழி சொல்பவர்), பழைய ஜீப்பையோ பத்மினி காரையோ மலையேற்றுகிறவருக்கும் இது நேரடியாக உதவும். பொதுச்சாலையில் வேகப்போட்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 1957-இல் குயிதிட்சோலோ அருகே ஒரு ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்தில் பாய்ந்ததோடு மிலே மிலியாவே வேகப்பந்தயமாக நின்றுபோனது. வேகம் பழக வேண்டுமானால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மலைச்சாலையில் இந்தச் சுருளுக்கு ஒரே வேலை, திருப்பத்துக்கு அப்பால் இருப்பதை முன்கூட்டியே சொல்வது.

பெட்டி

காகிதத்துக்கு 75 மி.மீ. அகல பில் ரோல் போதும். தெர்மல் ரோல் வேண்டாம். வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்தால் கறுத்துவிடும், எழுத்தும் தங்காது. நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல்.

உருளைக்கு 20 மி.மீ. ஒயரிங் பைப் இரண்டு துண்டு. மரக்குச்சி மலை ஈரத்தில் ஊதிக்கொண்டு நடுவழியில் சிக்கும். பெட்டியின் உள்ளகலம் 80 மி.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் விட்டால் காகிதம் பக்கவாட்டில் நகர்ந்து ஓரம் கிழியும். உருளைகளுக்கு இடையே 10 செ.மீ., அதன்மேல் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் ஜன்னல். பைப்பின் ஒரு முனையைப் பெட்டிக்கு வெளியே நீட்டி, பழைய ரேடியோக் குமிழையோ அதுபோன்ற ஒன்றையோ மாட்டுங்கள்.

பெரும்பாலான பெட்டிகள் கெட்டுப்போவது உருளை தானாகச் சுழல்வதால்தான். குண்டும் குழியுமான இடத்தில் இரண்டு வரி நகர்ந்தால் போதும், படிப்பவர் வேறொரு வளைவைச் சொல்லிக்கொண்டிருப்பார். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிக் குமிழுக்கும் பெட்டிக்கும் நடுவே வாஷராகப் போடுங்கள். சற்று அழுத்தித் திருப்பினால்தான் சுழல வேண்டும். காகிதம் கீழ் உருளையிலிருந்து மேல் உருளைக்கு ஏறட்டும். அப்போதுதான் அடுத்த குறிப்பு ஜன்னலின் அடியில் வந்து, வழக்கம்போல் மேலிருந்து கீழே படிக்க முடியும். மூடியபின் விளிம்பெல்லாம் செலோடேப் ஒட்டுங்கள். ஜென்கின்சனும் மழைக்குப் பயந்து அதையேதான் செய்தார். எழுதுவதற்கு 2பி பென்சில். ஜெல் பேனா மஞ்சு ஈரத்தில் கசியும்.

எதை எழுதுவது, எதை விடுவது

ஜென்கின்சனின் 18 அடி என்றால் சுமார் 5.5 மீட்டர். அதை 1,597 கி.மீ.க்குப் பங்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வளைவை எழுதத் தேவையில்லை, தெரியாததை மட்டும் எழுதினால் போதும் என்பதுதான் அவர் முறையின் உயிர். புதிதாகச் செய்பவர்கள் எல்லா வளைவையும் எழுதிவிட்டுத் திணறுவது இதை மறப்பதால்தான்.

நமக்கு வளைவுகள் நெருக்கம் என்பதால் கூடுதல் இடம் வேண்டும். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை சுமார் 34 கி.மீ. கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு குறிப்பு. வரிக்கு 12 மி.மீ. மொத்தம் 1.7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். மூன்று மீட்டரைத் தாண்டினால் பாதியை அடியுங்கள்.

ஜென்கின்சன் ஆபத்தான இடங்களை மூன்று தரமாகப் பிரித்தார். நாமும் 1, 2, 3 என்றே வைத்துக்கொள்ளலாம். 1: வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். 2: திருப்பம் பாதியில் இறுகும், அல்லது மறுபக்கம் தெரியாது. 3: எதிரே பஸ் வந்தால் நாம் நின்றே ஆக வேண்டும். இடது, வலதுக்கு அம்புக்குறி போடுங்கள். எழுத்தில் ‘வ’ என்று போட்டால் ஓடும் வண்டியில் அது ‘ப’ மாதிரித் தெரியும். இது உண்மையாகவே ஆளைக் குழப்பும்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வரிசை எண் கொடுத்து வட்டமிடுங்கள். படிப்பவர் இடம் தவறினால் மறுபடி பிடித்துக்கொள்ள உதவும் நங்கூரங்கள் அவை. நடுவில் கிலோமீட்டர் கல்லும், அவற்றுக்கு இடையே 2, 4, 6, 8 என்று எண் போட்ட 200 மீட்டர் கற்களும் துணை. உண்ணிச்செடி மூடிய கல்லை நம்பாதீர்கள்; பாலமோ கோயிலோ பார்த்துக் குறியுங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: “கல் 6, இடது அம்பு, 3, பஸ்.”

வளைவு தவிர எழுத வேண்டியவை: பாறையிலிருந்து நீர் வழிந்து சாலை எப்போதும் ஈரமாக இருக்கும் இடம், தடுப்புச்சுவர் உடைந்த இடம், ஒதுங்கி நிற்க இடமுள்ள ஓரம். கல்லாறு, பர்லியார் பக்கம் யானை கடக்கும் இடங்களைக் கட்டாயம் குறியுங்கள். பலாப்பழ சீசனில் அந்தக் குறிப்புகள் எல்லாமே தரம் 3.

ஓடிப் பார்த்து எழுதுதல்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நெரிசல் குறைவு. நீலகிரிக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) நடைமுறையில் இருப்பதால் வெளியூர் வண்டிக்கு அதை முன்பே எடுத்துவிடுங்கள். முதல் ஓட்டத்தில் ஓட்டுபவர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் நோட்டில் எழுத வேண்டும். தரத்தை முடிவு செய்வது ஓட்டுபவரே. அவர் கண்ணுக்கும் கைக்கும் பொருந்தாத எண் பயன்படாது. இரண்டாம் ஓட்டத்தில் படித்துக்கொண்டே திருத்துங்கள். அதன் பிறகே சுருளில் படி எடுப்பது. நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி சிக்கினால் அதுதான் கைகொடுக்கும்.

ஏறும்போது எழுதியதைத் தலைகீழாக்கினால் இறங்கும் சுருள் ஆகிவிடாது. இறக்கத்தில் அதே வளைவு ஒரு தரம் கூடுதலாகும். பார்வையும் வேறு, பிரேக்கின் நிலையும் வேறு. தொடர்ந்து மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். அதனால் இறங்கும் சுருளில் முதல் கொண்டை ஊசிக்கு முன்னாலேயே “கியர் 2” என்று எழுதி அடிக்கோடிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி என்பதால் ஒதுங்கும் இடங்களும் இறங்கும் சுருளில்தான் அதிகம் வேண்டும். கோடை சீசனில் ஏற குன்னூர் பாதை, இறங்க கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்குவது உண்டு. அந்த மாதங்களுக்குக் கோத்தகிரி இறக்கத்துக்குத் தனிச் சுருள் செய்ய வேண்டும்.

படித்துச் சொல்வது

மணிக்கு 30 கி.மீ. என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். சொல்ல இரண்டு விநாடி, ஓட்டுபவர் உள்வாங்க இரண்டு விநாடி. ஆகவே வளைவுக்கு 40 மீட்டர் முன்னாலேயே சொல்லத் தொடங்க வேண்டும். மாஸின் கார் 270 கி.மீ.யைத் தொட்டது, அந்த வேகத்தில் இதே நான்கு விநாடிக்கு 300 மீட்டர். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால்தான் அவர்கள் கைச்சைகை வைத்துக்கொண்டார்கள். திறந்த ஜீப்பில் உங்களுக்கும் அது தேவைப்படும்: விரல் எண்ணிக்கை தரம், கை சாயும் பக்கம் திருப்பம். கையை ஓட்டுபவரின் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே காட்டுங்கள், முகத்துக்கு முன்னால் நீட்டாதீர்கள்.

குனிந்து படிப்பவருக்குக் குமட்டும். ஜென்கின்சனே ஓடும் காரில் வாந்தி எடுத்து, அப்போது காற்றில் மூக்குக்கண்ணாடியையும் பறிகொடுத்தார். கையில் மாற்றுக்கண்ணாடி இருந்ததால் தப்பித்தார். பெட்டியை மடியில் வைக்காமல் மார்பு உயரத்தில் பிடியுங்கள். ஒரு வரி பார்த்ததும் கண் சாலைக்குத் திரும்ப வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

டி.எஸ்.டி. ராலியில் தாமதத்தைப் போலவே முந்தி வருவதற்கும் தண்டனைப் புள்ளி உண்டு. சராசரி 24 கி.மீ. என்று கொடுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் நேரே, சேர வேண்டிய நேரத்தைச் சுருளின் வலது ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டர், டயர் தேய்மானத்தாலும் காற்றழுத்தத்தாலும் சற்று விலகும். பர்லியாரில் ஒருமுறை கல்லோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

சுருளின் தலைப்பில் எழுதிய தேதி இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் வாடிக்கை. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்து, மாறிய வரிகளின்மேல் புதுத்துண்டு ஒட்டுங்கள். ஒட்டு நான்கைந்துக்கு மேல் போனால் உருளையில் தடித்துச் சிக்கும். அப்போது முழுச் சுருளையும் புதிதாக எழுதிவிடுவதே நல்லது.