பெங்களூரில் வீடு வாங்குவோருக்கு: டைட்டில் இன்சூரன்ஸ் எதைக் காக்கும், எத்தனை காலம் காக்கும்

தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூரில் வீடு வாங்குவோரில் சிலர், ஏ காத்தா கைக்கு வந்ததும் பட்டாவே கிடைத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். காத்தா என்பது சொத்து வரிக்கான உள்ளாட்சிக் கணக்கு. அது உரிமையை நிலைநாட்டாது. கிரயப் பத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று அரசு பொறுப்பேற்பதில்லை. அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியை ஏற்பதுதான் டைட்டில் இன்சூரன்ஸ் எனப்படும் உரிமைக் காப்பீடு.

வாகனக் காப்பீடு இனி நேரப்போகும் விபத்துக்கானது. இதுவோ பாலிசி தேதிக்கு முன்பே நேர்ந்து, வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் போன குறைக்கானது. போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம், செல்லாத பவர் பத்திரம், தீர்க்கப்படாத பழைய அடமானம் ஆகியவை பொதுவாக இதில் அடங்கும். இங்கே நான் அதிகம் அஞ்சுவது விடுபட்ட வாரிசைத்தான். சர்ஜாபுரம், ஒயிட்ஃபீல்டு பக்கத்து லேஅவுட்டுகள் பலவும் ஒருகாலத்தில் குடும்ப விளைநிலங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம பங்கு தந்தது. அப்போது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கையெழுத்திடாத மகளின் பங்கு எந்த வில்லங்கச் சான்றிதழிலும் தெரியாது. பின்னாளில் அவர் வழக்குத் தொடுத்தால், வழக்குச் செலவையும், நீங்கள் தோற்றால் காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்ட இழப்பையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

வாங்கும்போதே நீங்கள் அறிந்திருந்து சொல்லாமல் விட்ட குறை, பாலிசி தேதிக்குப் பின் முளைத்த சிக்கல், அரசின் நில எடுப்பு ஆகியவற்றுக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. சுவர் விரிசலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கால அளவில்தான் குழப்பம் மிகுதி. இணையத்தில் காணும் விளக்கங்களில் பெரும்பாலானவை அமெரிக்க முறையைச் சொல்பவை: அங்கே வீடு வாங்கும்போது ஒரே முறை பிரீமியம் கட்டினால், உரிமையாளரும் அவருடைய வாரிசுகளும் அந்தச் சொத்தில் உரிமை வைத்திருக்கும் வரை பாலிசி நிற்கும், கடன் தந்த வங்கிக்கான பாலிசி கடன் தீர்ந்ததும் முடியும். அதை அப்படியே இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் அளவில், நில உரிமைக்குக் காப்பீடு எடுத்துப் பிரீமியம் கட்டும் கடமையைக் கட்டுநர்மீது வைக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தின்போது அதன் பலன் வாங்குபவருக்கோ வீடு வாங்கியோர் சங்கத்துக்கோ மாறுகிறது. எத்தனை ஆண்டு என்பதைப் பாலிசிதான் சொல்லும்.

எனவே முன்பணம் தருவதற்கு முன் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். தொடக்க நாள், முடிவு நாள், விலக்குப் பட்டியல் ஆகியவற்றைப் படித்துவிட்டு, காப்பீட்டுத் தொகை உங்கள் வீட்டுக்கு மட்டுமா, அத்தனை வீடுகளுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். நூறு வீடுகள் பங்கிடும் தொகை காகிதத்தில்தான் பெரிதாகத் தெரியும். பாலிசி இல்லை என்றாலும் ரெராவின் 18(2) பிரிவு இருக்கிறது: நில உரிமைக் குறையால் நேரும் இழப்புக்குக் கட்டுநர் ஈடு தர வேண்டும், அக்கோரிக்கைக்குக் காலவரம்பும் தடையாகாது. தனி வீட்டை மறுவிற்பனையில் வாங்குவோருக்கு அந்தத் துணை பெரும்பாலும் இல்லை. அவர்கள் மூலப்பத்திரம் முதல் வாரிசுகளின் விடுதலைப் பத்திரம் வரை வழக்கறிஞரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதன் ஒப்புதல் இல்லாமல் எதிர்த்தரப்புடன் சமரசம் பேசி முடித்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.