பூட்டிக் கிடக்கும் யாழ்ப்பாணத்து வீட்டைத் துப்புரவாக்கப் போகிறீர்களா?

நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பலருக்கு அங்கே இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடு, பற்றை மூடிய வளவு, கோடிப்புறத்தில் குவிந்த ஓட்டை உடைசல். இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்து ஒரே நாளில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைப்போம். அப்படி அவசரப்பட்டால் போகக்கூடாதது போய்விடும், போக வேண்டியது வளவிலேயே நின்றுவிடும்.

நாம் போவது வெயில் காலத்தில். காய்ந்து கிடக்கும் பழைய ரயர், சிரட்டை, உடைந்த கொமட், மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி எதுவும் அப்போது பயமாகத் தெரியாது. ஐப்பசியில் மழை தொடங்கும்போது நாம் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்போம். அந்தத் தண்ணீரில் பெருகும் நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். 2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எவ்வளவு மோசமாகப் பரவியது என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நுளம்பு பெருகாமல் வளவைப் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்று 2007இல் சட்டமே வந்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து வழக்குப் போடலாம். எனவே எந்தப் பொருளை எடுத்தாலும் ‘இதில் மழைத்தண்ணீர் நிற்குமா?’ என்பதுதான் முதல் கேள்வி. நிற்கும் என்றால் அது போக வேண்டும், அல்லது கூரைக்குக் கீழே கவிழ்ந்து இருக்க வேண்டும்.

வலிகாமம் வடக்கு, முகமாலைப் பக்கம், வன்னி என்று சண்டை நடந்த இடங்களிலோ விடுவிக்கப்பட்ட காணிகளிலோ உங்கள் வளவு இருந்தால் பற்றை வெட்டுவதற்கு முன் கிராம சேவகரிடம் விசாரியுங்கள். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். துருப்பிடித்த இரும்பு ஏதாவது இனம் தெரியாமல் கிடந்தால் தொடவும் வேண்டாம், பழைய இரும்போடு சேர்க்கவும் வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டு 119இல் பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.

சரி, இனி வீட்டுக்குள். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் கடதாசிகளை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். இதை இன்னொருவரிடம் விடவே கூடாது. காணி உறுதி, இறப்புச் சான்றிதழ், பழைய வங்கிப் புத்தகம் எல்லாம் சாமி அறைத் தட்டிலும், றங்குப் பெட்டி அடியில் விரித்த பேப்பருக்குக் கீழேயும் இருக்கும். அப்புறம், இறந்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்கள், பள்ளிக்கூட மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், ஊர்ச் சங்கங்களின் நோட்டீஸ்கள். கல்வெட்டில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியே இருக்கும், அது வேறெங்கும் கிடைக்காது. 1981இல் யாழ் பொது நூலகத்தை எரித்தபோது போனவை போனவைதான். வீடுகளில் மிஞ்சியிருப்பதையாவது நாம் அடுப்பில் போடாமல் இருக்க வேண்டும். 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தார் இப்படிப்பட்ட ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறார்கள். கறையான் அரித்த கட்டாக இருந்தாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது விலை போகிறவை. இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம், பழைய பற்றறி, போத்தல் எல்லாவற்றையும் வாங்க ஊருக்குள்ளேயே ஆட்கள் வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் காட்டி ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்டால் அத்தனையும் இரும்பு விலைக்குப் போய்விடும். செம்புக் கம்பி தனி, பித்தளை தனி, அலுமினியம் தனி என்று பிரித்து வைத்து, கிலோ விலையை முதலில் பேசி, உங்கள் கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். அம்மம்மா காலத்துக் கிடாரம், குத்துவிளக்கு, செம்புக்குடம் போன்றவற்றை நிறுவைக்குக் கொடுக்க முன் சகோதரங்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். பல குடும்பங்களில் மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. மிகப் பழைய பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுவர நினைத்தால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா என்று பயணத்துக்கு முன்பே விசாரியுங்கள். விமான நிலையத்தில் போய்த் தவிக்கக் கூடாது.

மிச்சக் கஞ்சலை ஏற்ற பட்டா வாகனம் என்கிற சின்ன லொறி அல்லது இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் பிடிக்கலாம், கூடுதலாக இருந்தால் உழவு இயந்திரம். கூலியைப் பேசும்போதே எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். ‘அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் அநேகமாக அது ஒழுங்கை முடிவிலோ குளக்கரையிலோ இன்னொருவரின் வெறும் வளவிலோதான் விழும். அந்த வெறும் வளவும் நம்மைப் போல வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடையதாக இருக்கலாம். பிரதேச சபை அல்லது மாநகர சபை அலுவலகத்துக்கு நேரே போய், பெரிய கழிவுகளை எப்போது எடுப்பார்கள், கட்டணம் என்ன, தனியார் வாகனத்தில் கொண்டுவந்தால் எங்கே கொட்ட விடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு காலைப்பொழுது போனாலும் பரவாயில்லை.

தென்னோலை, மட்டை, குழை எல்லாம் குப்பையே இல்லை. மட்டை விறகுக்குப் போகும், குழையைத் தோட்டக்காரர் பசளைக்குக் கேட்டு வாங்குவார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக்கை மட்டும் எரிக்கவே வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது 2017இலிருந்து தடை, புகையும் நேரே அயல்வீட்டுக்குத்தான் போகும். பாவிக்காத கிணறு இருந்தால் அதற்குள் எதையும் போட்டு மூட விடாதீர்கள். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல், நீர் வெடிப்புகள் வழியே வேகமாகப் பரவும். உங்கள் கிணற்றில் போட்ட பெயின்ற் டப்பாவும் பற்றறியும் நாலு வீடு தள்ளிக் குடிக்கிற தண்ணீரில் கலக்கலாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை மறக்கக் கூடாது.

வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறை, சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். பழைய ஓடு, பலகை அடுக்குகளுக்குள் விரியன் கிடக்கும், கையை நேரே விடாமல் தடியால் தட்டிக் கிளப்பச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்க வேண்டும். கூலியை உள்ளூரில் இருக்கும் உறவினர் ஒருவரை வைத்துப் பேசுவது நல்லது. ஆனால் அடிமாட்டு விலைக்கு இழுக்க வேண்டாம். அந்த வெயிலில் செய்கிற வேலைக்கு உரிய காசு அவர்களுக்குச் சேர வேண்டும்.

திரும்புவதற்கு முன் வீட்டுத் திறப்பை யாரிடமாவது கொடுத்து, மாதம் ஒரு தொகையும் பேசிக்கொள்ளுங்கள். மழைக்கு முன் பீலியில் அடைத்த சருகை எடுப்பது, தாங்கி மூடியைப் பார்ப்பது, மழை தொடங்கியதும் கிழமைக்கு ஒருதரம் வளவைச் சுற்றி வந்து தண்ணீர் நிற்பதைக் கவிழ்ப்பது, இவ்வளவும் அவருடைய வேலை. புரட்டாசி கடைசியில் நீங்களே கோல் எடுத்து, வீடியோவில் கோடிப்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள்.