பழைய ஜீப்பை வீட்டிலேயே மீட்டெடுப்பது: எங்கே தொடங்குவது, எதைக் கடைசியில் வைப்பது

போடி, கம்பம் பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்டுவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லை மலைக்கு ஏறும் வண்டிகள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஒரு எஸ்டேட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மஹிந்திரா எம்.எம். 540 ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, பதினான்கு மாதத்தில் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல்முறை இதில் இறங்குபவர்களுக்காக அந்த வேலையின் வரிசையை எழுதுகிறேன். வரிசை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒருவர் ஆசை ஆசையாக ஒரே வாரத்தில் ஜீப்பை முழுக்கப் பிரித்துப்போட்டார். எட்டு வருடமாகியும் அது சாக்கு மூட்டையில்தான் இருக்கிறது.

அதனால் இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள். அதைச் சரிசெய்து மாட்டிய பிறகே அடுத்ததில் கை வையுங்கள்.

வாங்கும் முன் காகிதம்

இரும்பைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கான விண்ணப்பம் படிவம் 25. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். துருவில் நம்பர் தெரியவில்லை என்றால் கிரைண்டர் வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

எரிபொருள் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் என்ஜின் ஏற்றிய வண்டிகள் நம் ஊரில் ஏராளம். மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கடன் பாக்கி பதிவாகியிருந்தால் அதை நீக்கும் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30 ஆகியவற்றை விற்பவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள். காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

மஹிந்திரா 1940களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி மாடல் அமெரிக்காவில் 1968உடன் நின்றது. இங்கே அந்த வம்சம் பல பத்தாண்டுகள் ஓடியது. என் எம்.எம். 540இல் இருப்பது பெஜோ வழிவந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மில்லிமீட்டர். மொத்தம் 2112 சி.சி.

இது கதைக்காகச் சொல்வதல்ல, ஸ்பானர் வாங்கும்போது உதைக்கும். வில்லிஸ் வழியில் வந்த சேசிஸ், ஆக்ஸில் போல்ட்டுகள் அங்குல அளவு. என்ஜின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவு. இரண்டு செட்டும் வேண்டும். 9/16 போல்ட்டில் 15ஆம் நம்பர் ஸ்பானரைத் திணித்தால் தலை உருண்டுவிடும், அப்புறம் வெல்டிங்காரரைத் தேட வேண்டியதுதான். இன்னொன்று: வில்லிஸ் வழி ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்க வீல் நட்டுகளுக்கு எதிர் மரை. நட்டு அசையவில்லை என்றால் ஸ்பானர் மேல் ஏறிக் குதிக்காமல், போல்ட் முனையில் எதிர் மரையைக் காட்டும் எழுத்து ஏதும் குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தூக்கி நிறுத்துவது

பல ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (என்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால், ஆக்ஸிலுக்குப் போகும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். சமதரையில் நன்றாகவே நிற்கும். ஆனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியதும் நிலைமை மாறுகிறது. பின் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கியர் அந்தத் தூக்கிய சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு, தரையிலிருக்கும் சக்கரத்தை உருளவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி நகரும். இது தெரியாமல் அடியில் படுப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை, சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, இரண்டும் இல்லாமல் கீழே போகவே கூடாது. ஹாலோ பிளாக் கல் ஆகாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

சேசிஸ்

சேற்றையெல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும். உள்ளே துரு தின்ற இடம் ‘டொக்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். அந்த இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். பட்டை (இலை ஸ்பிரிங்) தொங்கும் பிராக்கெட்டுகளின் பின்புறம், பின்பக்கக் குறுக்குச் சட்டம், சேறு தங்கும் மூலைகள், இவைதான் வழக்கமான இடங்கள்.

அடுத்து வளைவு. சேசிஸின் இரு பக்கமும் ஒத்த இடங்களாக நான்கைத் தேர்ந்து, தூக்குக்குண்டு இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவந்தால் நல்லது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை, வீட்டு வேலை அல்ல. துருத் துளைகளை வெட்டியெடுத்து அதே கனத் தகடு வைத்துப் பற்றவைக்க ஒரு நல்ல வெல்டரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் முன் பேட்டரி கம்பியையும் டீசல் டேங்கையும் கழற்றி அப்பால் வைத்துவிடுங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் பக்கம் தீ போகக் கூடாது.

பிரேக்: இங்கே நிதானம்

என்ஜின் ஓடுவதைப் பார்க்க எல்லோருக்கும் கை பரபரக்கும். பொறுங்கள், முதலில் வண்டி நிற்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு அது விஷம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

என் வண்டியில் பின் இடது சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை உரித்தபோது காபி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரைத் தின்றுவிடும். பிஸ்டன் அசையவில்லை. மரக்குச்சி வைத்து மெல்லத் தட்டி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவரில் கடுகு கடுகாகக் குழி. எமரித் தாளால் தேய்த்து ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. விரல் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஒரு சிலிண்டர் கசிந்தால் நான்கும் போய்விடும். மலை இறக்கத்தில் அதை நினைத்துப் பாருங்கள். ரப்பர் ஹோஸ்களை எப்படியிருந்தாலும் மாற்றுங்கள். இரும்புக் குழாயில் துரு பொரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டியபின் காற்றை எடுக்க வேண்டும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டீரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கிவையுங்கள். பெடலில் என் அக்கா மகனை உட்காரவைத்தேன்.

“மிதி… மிதி… அப்படியே பிடி.”

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது.

“மாமா, கால் கீழே போயிருச்சு!”

“எடுக்காத, அப்படியே இரு.” நிப்பிளை மூடினேன். “இப்ப விடு.”

அவன் காலை எடுத்தபின் நிப்பிளை மூடினால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போகும். இந்தச் சின்ன இடத்தில்தான் புதியவர்கள் அரைநாளைத் தொலைக்கிறார்கள். குமிழ் நிற்கும்வரை செய்யுங்கள், இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்றுங்கள். டாட் 3 என்று மூடியில் போட்டிருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். கடைசியில் பெடல் கல் போல நின்றால் வேலை முடிந்தது.

முன் ஆக்ஸில், பட்டை

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின்னில், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சாணியில். ஓட்டும்போது ஸ்டீரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது என்று சொல்லும் ஜீப்புகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், வீல் அலைன்மென்ட் கடை அப்புறம்.

பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, உடைந்த இலையை மாற்றி, ஷேக்கிள் புஷ்களைப் புதிதாகப் போடுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் பழையதை மறுபடி மாட்ட வேண்டாம், ஒருமுறை இழுபட்ட மரை அது. உயரம் கூட்டும் ஆசைக்கு நான் எதிரி. பட்டையை உயர்த்தினால் ஸ்டீரிங் ராடு, புரோப்பல்லர் ஷாஃப்ட் கோணம் எல்லாம் மாறும், ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

டயர் நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும். இந்த ஜீப்புகளின் ஃபோர்வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். அளவு மாறினால் கியர்களுக்குள் இழுபறிதான். தார் ரோட்டில் ஃபோர்வீல் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

என்ஜின்: இறக்குவதற்கு முன் கேளுங்கள்

நின்றுபோன என்ஜினில் நேராகச் செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய டீசலை வடித்து, டேங்கைக் கழுவி, ஃபில்டரும் ஆயிலும் மாற்றுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். மறுநாள் பிளக் மாட்டும் முன்பே கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. துளையில் துணி போர்த்தி, செல்ஃபில் சில நொடி சுற்றவிட்டு மிச்ச ஆயிலை வெளியே துப்பவிட்ட பிறகே பிளக் மாட்டுங்கள்.

டீசல் பைப்பில் காற்று இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் டீசல் வரும், வந்ததும் இறுக்குங்கள். டீசல் பீய்ச்சும் இடத்தில் விரலை வைக்கக் கூடாது, அந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் இன்டேக்கை அடைக்க ஒரு பலகையோடு ஒருவர் நிற்கட்டும். டீசல் பம்புக்குள் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ராக் தண்டு ஒட்டியிருந்தால் என்ஜின் தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது.

ஓடிய பின் சூடாகட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துபாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் போயிருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு நாசில். ஸ்டார்ட் செய்யும் முன்பே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்தால் தண்ணீரில் குமிழ் தெரியும். தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. சூடானபின் அந்த மூடியைத் திறக்க வேண்டாம், முகம் வெந்துவிடும். இவை எதுவும் இல்லையென்றால் என்ஜினை இறக்காதீர்கள். என்னுடையதில் ஹெட் மட்டும் இறக்கி வால்வு சீட் அரைத்தேன். பம்பும் நாசிலும் டெஸ்ட் பெஞ்ச் உள்ளவரிடம்தான் போக வேண்டும், அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

கியர்பாக்ஸில் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளைச் சிங்க்ரோ வளையம் உண்டு. ஜி.எல். 5 என்று போட்ட ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது. கடையில் ‘90 ஆயில்’ என்று மட்டும் கேட்காமல் ஜி.எல். 4 என்று கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் கசிந்தால் அந்த ஆயில் ஹேண்ட் பிரேக் ஷூவில்தான் போய் ஊறும். சீலை மாற்றும்போது ஷூவையும் பாருங்கள்.

வயரிங், பாடி, பெயின்ட்

பழைய வயரிங்கில் ஒட்டுமேல் ஒட்டு இருந்தால் முழு ஹார்னஸையும் (வயர்க்கட்டு) மாற்றுவது மலிவு. என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையை மறக்காதீர்கள். அது துருப்பிடித்தால் செல்ஃப் மோட்டாரின் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும், கேபிள் பழுத்துவிடும்.

பெயின்ட் ஏன் கடைசி என்றால், பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் உரியும், வெல்டிங் பொறி பட்டாலும் போச்சு. துருவைச் சுரண்டி, டிங்கரிங் முடித்து, பட்டிப் பசையை மெல்லிசாக வைத்து, பிரைமர் போட்டுக் கலர் அடியுங்கள். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் ஜீப்பின் குலுக்கலில் ஒரே மழைக்காலத்தில் விண்டுவிடும். சாமான்களுக்குச் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். நமக்குப் பழைய ஜீப் மெக்கானிக் ஒருவரின் பழக்கம் அதைவிடப் பெரிது.

முதல் ஓட்டம்

ஆள் இல்லாத மைதானத்தில், லோ கியரில், பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு வீல் ஹப்பையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது, இல்லை ஷூ உரசுகிறது. என் வண்டியில் முன் வலது சுட்டது. பேரிங் நட்டைச் சிறிது தளர்த்தி மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், புதுப் பட்டை அமர்ந்து எப்படியும் அரைச் சுற்றாவது இடம் கொடுத்திருக்கும்.