புது வாடிக்கையாளர் உங்கள் கடையைத் தேடும்போது: சிறு வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வாடிக்கையாளருக்கு உங்கள் கடையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜிப்மரில் வேலைக்குச் சேர்ந்து கோரிமேட்டில் வீடு எடுத்திருப்பவருக்கோ, சிப்காட் கம்பெனிக்கு மாற்றலாகிக் கடலூர் வந்திருப்பவருக்கோ அப்படி இல்லை. ஒரு நல்ல டெய்லரோ ஏ.சி. மெக்கானிக்கோ வேண்டுமென்றால் கையில் இருக்கும் போனைத்தான் கேட்பார். அங்கே அவருக்குப் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். கடைக்காரர்களுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பும் இலவசம். இரண்டையும் வைத்துக்கொண்டே புது ஆட்கள் வரவில்லை என்று சொல்லும் கடைக்காரர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கீழே இருப்பவற்றில் ஒன்றுதான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கடையின் பெயருக்குப் பின்னால் 'பெஸ்ட் லேடீஸ் டெய்லர் இன் பாண்டிச்சேரி, ஆரி ஒர்க், லோ பிரைஸ்' என்று வால் சேர்ப்பது. தேடும்போது முதலில் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவையே முடக்கிவிடலாம். என்ன தொழில் என்று சொல்வதற்குத் தனியாக 'வகை' என்ற இடம் இருக்கிறது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை வைக்கலாம். தையல் கடைக்காரர் முதன்மை வகையில் 'துணிக்கடை' என்று போட்டுவிட்டு, சேலை விலை கேட்டுத்தான் போன் வருகிறது என்று வருத்தப்பட்டால் எப்படி?

அடுத்தது, கடையைப் பற்றிய விவரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோட்டைவிடுவது அதிகமும் இங்கேதான். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: 'பல்லாண்டு அனுபவமுள்ள முன்னணி நிறுவனம். தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் லட்சியம்.' இதைப் படித்தவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. இதே மூன்று வரியை இரும்புக் கடைக்கும் போடலாம், பிசியோதெரபி சென்டருக்கும் போடலாம்.

முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு தையல் கடை இப்படி எழுதலாம்: 'மணிக்கூண்டு பக்கத்தில் இருக்கிறோம். பிளவுஸ், சுடிதார், சிறுமிகளுக்குப் பாவாடை சட்டை தைக்கிறோம். சாதா பிளவுஸ் 4 நாளில் கிடைக்கும், ஆரி ஒர்க் என்றால் 2 வாரம் ஆகும். கல்யாணத்துக்கு என்றால் ஒரு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள். அளவு பிளவுஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடையிலேயே பெண்கள் அளவெடுப்பார்கள். லைனிங் எங்களிடமே இருக்கிறது.' இதில் பெருமை என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் புதிதாக வரும் பெண் போனில் கேட்க நினைத்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. பெண்களே அளவெடுப்பார்கள் என்ற ஒரு தகவலுக்காகவே அவர் இந்தக் கடையைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

விவரப் பகுதியில் 750 எழுத்துக்கு மேல் ஏறாது. முதல் சில வரிகள்தான் உடனே கண்ணில் படும், அதனால் முக்கியமானதை மேலே வையுங்கள். ஊர்ப் பெயரை மக்கள் சொல்கிறபடியும் ஒரு இடத்தில் எழுதுங்கள். 2006இல் அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரி ஆகிவிட்டது, ஆனாலும் தேடுகிறவர்களில் பலர் பாண்டிச்சேரி என்றுதான் தட்டுகிறார்கள்.

விலையை விவரப் பகுதியில் போடுவதைக் கூகுள் விரும்புவதில்லை. அதற்கென்று 'சேவைகள்' என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை போடலாம், 'இவ்வளவிலிருந்து' என்று ஆரம்ப விலை மட்டும்கூடப் போடலாம். எதிர்க்கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று இதைக் காலியாக விடுகிறவர்கள்தான் அதிகம். எதிர்க்கடைக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பவர் வாடிக்கையாளர் மட்டும்தான். விலை கேட்டுப் போன் செய்யவே கூச்சப்படுகிறவர்கள் உண்டு, அவர்கள் விலை போட்டிருக்கும் கடைக்குத்தான் போவார்கள்.

நேரம் விஷயத்திலும் கவனம் வேண்டும். மதியம் 1 மணிக்கு ஷட்டரை இறக்கி 4 மணிக்குத் திறக்கும் கடைகள் புதுச்சேரியில் நிறைய உண்டு. பதிவில் மட்டும் காலை 9 முதல் இரவு 9 வரை என்று இருக்கும். வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் வெயிலில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் மறுபடி வர மாட்டார். ஒரே நாளுக்கு இரண்டு நேரம் போட வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். விடுமுறை நாட்களுக்குத் தனி நேரமும் குறிக்கலாம். நவம்பர் 1 விடுதலை நாளும் ஆகஸ்ட் 16ம் புதுச்சேரிக்கு விடுமுறை. முள்ளோடை எல்லையைத் தாண்டினால் கடலூரில் வழக்கமான நாள். கடலூரிலிருந்து வருகிறவர் உங்கள் கடை திறந்திருக்கும் என்றே நினைப்பார்.

இல்லாத முகவரியைக் காட்டுவது இன்னொரு தவறு. கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடுவதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கடை லாஸ்பேட்டையில் தேடுகிறவருக்கு முதலில் வராது. அதற்காகச் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தில் ஒரு 'கிளை' போட்டால் பதிவு முடங்கும் ஆபத்துதான் மிச்சம். வீட்டுக்குப் போய் வேலை செய்கிறவர்கள், அதாவது பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் போன்றவர்கள், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊருக்குப் போவோம் என்று 20 பகுதிகள் வரை குறிக்கலாம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், பாகூர் என்று நேர்மையாகக் குறித்தாலே போதும். முதல் இடத்தில் கொண்டுவருகிறோம், கூகுளிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

எனக்கு ரொம்ப ஆதங்கமாக இருப்பது வேறொன்று. தொழிலில் தெரிந்ததை வெளியே சொல்லத் தயங்குகிறோம். சொல்லிவிட்டால் அவரே செய்துகொள்வார், நம்மிடம் வர மாட்டார் என்று ஒரு பயம். நடப்பது நேர்மாறாக. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் வேலை பார்க்கும் ஏ.சி. மெக்கானிக்குக் கடல் காற்று என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். உப்புப் படிந்து வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் அரித்துப் பொடியாகும், குழாயில் ஓட்டை விழும், கேஸ் இறங்கும், அறை குளிராது. இதை நான்கே வரியில் எழுதி, அரித்த தகட்டைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பதிவில் இருக்கும் அப்டேட் பகுதியில் போடட்டும். கடலோரம் என்றால் வெளி யூனிட்டை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கழுவும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்றும் சேர்க்கட்டும். உள் யூனிட்டில் தண்ணீர் சொட்டினால் முதலில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் டிரெயின் பைப் அடைத்திருக்கலாம் என்று இன்னொரு நாள் எழுதட்டும். படித்தவர்களில் சிலர் தாங்களே கழுவிக்கொள்வார்கள், நல்லது. கேஸ் இறங்கிய அன்றைக்கு அவர்கள் கூப்பிடப் போவது இதைச் சொன்னவரைத்தான். என்ன எழுதுவது என்று யோசிக்கவும் வேண்டாம். இந்த வாரம் வாடிக்கையாளர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது எதுவோ, அதற்கு வாயால் சொன்ன பதிலை அப்படியே எழுதினால் போதும்.

வாட்ஸ்அப்பில் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவது புது ஆட்களைக் கொண்டுவராது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதாவது ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களுக்கு. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், உங்கள் வேலைகளைப் படத்தோடு ஏற்றுங்கள். கடை மூடிய பிறகு கேட்பவருக்கு 'காலை 10 மணிக்குப் பதில் சொல்கிறோம்' என்று தானாகப் போகும்படி வையுங்கள்.

அப்புறம் ரிவ்யூ. மச்சான், சித்தப்பா பையன், மாமனார் என்று ஒரே நாளில் வரிசையாக ஐந்து நட்சத்திரம் வாங்குவதை யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்பதும் கூகுளில் தடை. இணைய ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. வேலை முடிந்து பொருளைக் கையில் கொடுக்கும்போது நேராகக் கேளுங்கள், மனம் நிறைந்தவர் எழுதுவார்.

கெட்ட ரிவ்யூ வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 'பிளவுஸ் கை இறுக்கம், இரண்டு தடவை அலைந்தேன்' என்று ஒருவர் எழுதினால், 'அலைய வைத்ததற்கு மன்னியுங்கள் அக்கா. துணியைக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் பிரித்துத் தைத்துத் தருகிறோம்' என்று எழுதுங்கள். அந்தப் பதிலை அவர் மட்டும் படிக்கப் போவதில்லை. நாளைக்கு உங்களைத் தேடும் எல்லோரும் படிப்பார்கள்.

கடைசியாக, சாவி யார் கையில் என்று பாருங்கள். அக்கா பையன் தன் ஜிமெயிலில் பதிவு செய்து கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்னை போயிருப்பான், போன் எண் மாறினால்கூட உங்களால் திருத்த முடியாது. கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து அதை உரிமையாளராக்குங்கள், அவன் மேனேஜராக இருக்கட்டும். பழைய கணக்கு யாருடையது என்றே தெரியவில்லை என்றால், மேப்பில் உங்கள் கடையைத் திறந்து உரிமை கோருங்கள். இப்போது அதை வைத்திருப்பவருக்குத் தகவல் போகும், பதில் சொல்ல 3 நாள் கொடுப்பார்கள். பதில் வரவில்லை என்றால், கடை உங்களுடையதுதான் என்று சரிபார்த்து நீங்களே எடுத்துக்கொள்ள வழி கிடைக்கலாம். அதற்கு வீடியோ கேட்டால் போர்டு, தெரு, உள்ளே வேலை நடக்கும் இடம் மூன்றும் தெரியும்படி ஒரே மூச்சில் எடுங்கள்.